மனோன்மணீயத்தை மேடையேற்றி நான் பட்ட பாடு

மனோன்மணீயம் என்ற பழைய செய்யுள் நாடகத்தை மேடையில் போடலாம் என்று இனி யாராவது கிளம்பினால், அவர்களுக்கு முன்கூட்டியே நாலு விஷயம் சொல்ல ஆள் வேண்டும். எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏழு மாதம் போனது. முதல் தடவைக்கு மட்டும் 1,03,000 ரூபாய் ஆனது. அதில் கல்லூரித் தமிழ்த் துறையிலிருந்து வந்தது 15,000. மீதி 88,000 என்னுடையது, அதிலும் 60,000 என் வளையலை அடகு வைத்து வாங்கியது. வீட்டில் இரண்டு வாரம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். உண்மையைச் சொன்னால் இந்த நாடகம் எனக்குப் பிடித்ததே கிடையாது. எம்.ஏ. படிக்கும்போது வாத்தியார் நோட்ஸ் கொடுத்தார்: சீவகன் என்பது சீவன், குடிலன் என்பது வளைந்த புத்தி, மனோன்மணி மாசில்லாத ஆன்மா, சுந்தர முனிவர் குரு. பத்து மதிப்பெண் கேள்வி. எழுதினேன், வாங்கினேன், மறந்தேன். அப்புறம் நானே வகுப்பெடுக்க வந்து பதினேழு வருஷமாக அதே நோட்ஸைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். 'நீராரும் கடலுடுத்த' இந்த நூலின் பாயிரத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், தினமும் எழுந்து நிற்கிறோம். அதற்கு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களை எண்ணி விடலாம். பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்து, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டு ஒன்றை எடுத்து, ஐந்து அங்கம் இருபது களமாக விரித்து, 1891இல் அச்சிட்டார். நாற்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்தப் பக்கம் மேடை நாடகம் நூறு விதமாக வளர்ந்தது, இந்தப் பக்கம் மனோன்மணீயம் 'படிப்பதற்கு உரிய நாடகம்' என்ற பட்டத்தோடு அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. நானும் அந்தப் பட்டத்தை அப்படியே நம்பினேன்.

பிறகு ஏன் கையில் எடுத்தேன்? துறை விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பாண்டிய அரசன் சீவகன் மதுரையை விட்டு நெல்லைக்குத் தலைநகரை மாற்றிக் கோட்டை கட்டுகிற கதை, நம்ம ஊர்க் கதைதானே, போடலாமே என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். பேசியபோது ஏழு பேர், ஒத்திகைக்கு வந்து நின்றபோது நான் ஒருத்தி. இது முதல் விஷயம். நாடகம் போடுவதற்கு முன்னால், யார் உடை, யார் மைக், யார் சாப்பாடு, யார் கணக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நட்பு கெட்டுப்போகுமோ என்று நான் கூச்சப்பட்டுக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அந்த நட்பிலும் பாதிதான் மிஞ்சியது.

முதல் மாதம் முழுக்க வாசிப்பிலேயே போனது. பதினாறு பிள்ளைகள், ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. "அம்மா, மூச்சு முட்டுது" என்றாள் மனோன்மணியின் தோழி வாணியாக நடிக்க வந்த பெண். அது அவள் குற்றமில்லை, அச்சில் இருக்கிற முறை அப்படி. செய்யுளைப் பொருள் பார்க்காமல், ஓசை அளவான சீர் சீராகப் பிரித்து அச்சிட்டிருப்பார்கள். நாடகத்தில் நடராசன் என்பவன் ஒரு மண்புழுவைப் பார்த்துப் பேசுகிற இடத்தில் 'எம்மண் ணாயினும் நன்மண் ணாக்குவை' என்று இருக்கும். 'ணாயினும்', 'ணாக்குவை' என்று தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து எங்கள் பகுதி முழுவதையும் பொருள் பார்த்துப் பிரித்துக் கையால் எழுதினேன். 'எம் மண் ஆயினும் நன் மண் ஆக்குவை.' திங்கட்கிழமை அதே பிள்ளைகள் தடங்கலில்லாமல் படித்தார்கள். எப்படிப்பட்ட மண்ணையும் நல்ல மண்ணாக்குகிறாய் என்று புழுவிடம் சொல்கிறான், அவ்வளவுதான், இதில் என்ன கஷ்டம் என்று கேட்டார்கள். யாப்பு கெட்டுப்போகாதா என்று ஒரு மூத்த பேராசிரியர் கோபப்பட்டார். காகிதத்தில்தான் பிரிகிறது, சொல்லும்போது ஓசை தானாகச் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் எந்தப் பழைய செய்யுள் நாடகத்தை எடுத்தாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். நான் ஒரு மாதம் கழித்துச் செய்தேன்.

சரி, படிக்க வந்துவிட்டது, ஆனால் பேச்சாக வரவில்லை. எல்லாரும் மேடைப் பேச்சுப் போட்டி மாதிரி ஒரே சுருதியில் கத்தினார்கள். இதைச் சரிசெய்தது குடிலனாக நடித்த பையன். அவன் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். ஒரு நாள் மத்தியானம் அவன் பெஞ்சில் வீசுகோல் மாதிரி இரண்டு பேனாவைத் தட்டிக்கொண்டே வசனம் சொல்லிப் பார்த்தான். மூன்றாம் சீர் முடிகிற இடத்தில் லேசாக இழுத்து, கடைசிச் சீரைக் கீழே இறக்கினான். "எங்க தாத்தா கதை சொல்லும்போது இப்படித்தாம்மா இழுத்து நிறுத்துவாவ" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாடகத்தில் பெரும்பகுதி ஆசிரியப்பா என்ற பாவகை. அதன் ஓசை அகவல், அகவல் என்றால் கூப்பிடுவது, அழைத்துச் சொல்வது. இதை நான் எத்தனை வருஷம் இலக்கண வகுப்பில் சொல்லியிருப்பேன்! ஒரு ஆளை எதிரில் நிறுத்திக் கூப்பிட்டுச் சொல்கிற ஓசை அது என்று என் காதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலமே எல்லாரையும் அவனிடம் உட்கார வைத்துவிட்டேன். உங்கள் ஊரில் கதை சொல்கிறவர்கள், கூத்து ஆடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் முதல் நாளே தேடிப் பிடியுங்கள். புத்தகம் படித்த நம்மைவிட அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இனி நான் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன். எதையும் வெட்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். வெட்டினால் நூலுக்குத் துரோகம் என்று நினைப்பு. கொஞ்சமாகத்தான் குறைத்தேன். வாணி பாடுகிற சிவகாமி சரிதம் முழுதாக இருந்தது. அது கோல்ட்ஸ்மித்தின் கவிதை ஒன்றைத் தழுவி எழுதியது, தனியாகப் படித்தால் அழகு. முனிவரின் சீடர்கள் நிஷ்டாபரரும் கருணாகரரும் தியானம் பெரிதா தொண்டு பெரிதா என்று வாதாடுவது முழுதாக இருந்தது. நேரத்தைக் கணக்குப் போடவே இல்லை. இப்போது எனக்குத் தெரியும், ஒரு அகவலடியை நிதானமாகச் சொன்னால் நாலு முதல் ஐந்து விநாடி ஆகும். ஆயிரத்து இருநூறு அடி என்றால் நடமாட்டம் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் என் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும்.

முதலில் பேசிய மண்டபத்தில் 8,000 அட்வான்ஸ் கட்டியிருந்தேன். பத்து நாள் இருக்கும்போது அதே தேதிக்குக் கல்யாணம் வந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். ரசீது கேட்டேன், நான் வாங்கி வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பணம் திரும்பவில்லை. வேறு மண்டபம் 22,000. ராஜா உடை, கிரீடம், வாள் எல்லாம் வாடகைக்கு எடுத்தது 18,500. மைக்கும் லைட்டும் 21,000. கோட்டை வரைந்த படுதாவும், அதைக் கட்டிய ஆசாரி கூலியும், சுருங்கை, அதாவது சுரங்கப் பாதை, அதன் வாசல் என்று செய்த மரச்சட்டமும் 14,000. பிள்ளைகளுக்கு ஏழு மாதமும் வாங்கிக் கொடுத்த டீ, பரோட்டா, ஒத்திகை முடிந்து நேரமாகிவிட்டால் பெண்பிள்ளைகளை அனுப்பிய ஆட்டோ எல்லாம் 16,000. அழைப்பிதழ் 3,500. இதில் நாடகத்துக்கு உண்மையிலேயே உதவியது பரோட்டாவும் ஆட்டோவும் மட்டும்தான் என்பேன். அவ்வளவு வாடகை கொடுத்து வாங்கிய கிரீடம் சீவகனாக நடித்தவனின் நெற்றியில் இறங்கி இறங்கி வந்து, அவன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே முதல் அங்கம் முழுக்கப் பேசினான்.

அன்றைய நிகழ்ச்சி எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பாயிரத்திலிருந்தே தொடங்குவோம் என்று 'நீராரும் கடலுடுத்த' பாடவைத்தேன். சபை முழுக்க எழுந்து நின்றது. 1970இல் அரசு இதைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக எடுத்துக்கொண்டபோது நடுவில் சில வரிகளை விட்டுவிட்டுத்தான் எடுத்தது. நாங்கள் மூலத்தில் இருக்கிறபடி பாடினோம். 'பல்லுயிரும் பலவுலகும்' என்று தொடங்கியதும் முன்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்களைப் பார்த்துச் சிலர் முறைத்தார்கள், பாதிப் பேர் நின்றபடியே இருக்க, திரை விலகிவிட்டது. மேடையில் சுந்தர முனிவர் வந்தபோது அவரைக் கவனிக்க ஆளில்லை. இதைச் செய்யாதீர்கள். வழக்கமான வாழ்த்தை வழக்கம்போல் பாடி முடித்து, எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு நாடகத்தைத் தொடங்குங்கள்.

நாடகம் நாலு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடியது. முந்நூற்றுச் சொச்சம் பேர் வந்தார்கள், இரண்டாம் அங்கத்தில் பாதி பேர் எழுந்து போனார்கள், சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக்குகளில் இரண்டு செத்துப்போயின, லைட்டில் ஏதோ ஃபியூஸ் போய் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. நான் திரைக்குப் பின்னால் ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து அழுதேன். கடைசிக் களம் வரும்போது மணி பத்து இருபது. சபையில் முப்பத்தெட்டு பேர். எண்ணினேன், அதனால் தெரியும்.

அந்தக் கடைசிக் களத்தில் நடந்ததுதான் என்னை இன்று இதை எழுத வைக்கிறது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீவகனின் மகள் மனோன்மணி கனவில் மட்டும் பார்த்த ஒருவனை நினைத்து உருகுகிறாள், அவன் சேர அரசன் புருடோத்தமன். மந்திரி குடிலன் தன் மகன் பலதேவனுக்கு அவளைக் கட்டிவைத்து அரசைப் பிடிக்கத் திட்டம் போட்டு, நாஞ்சில் நாட்டைச் சொல்லிச் சேரனோடு போரை மூட்டிவிடுகிறான். பாண்டியன் தோற்கிறான். அப்பாவின் நிலைமையைப் பார்த்து அவள் பலதேவனை மணக்கச் சம்மதிக்கிறாள். நள்ளிரவில் கல்யாணம். முனிவர் ரகசியமாக வெட்டிவைத்த சுருங்கையைக் குடிலன் காட்டிக்கொடுக்கப் போக, புருடோத்தமன் அவனையே விலங்கிட்டு அந்த வழியாக மண்டபத்துக்குள் வந்து நிற்கிறான். புத்தகத்தில் இது எனக்கு எப்போதும் எரிச்சல் தரும் இடம். தலைப்பே அவள் பெயர், ஆனால் பல களங்களில் அவள் வருவதே இல்லை, கடைசியிலும் வாய் திறந்து பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. மாலையைப் போடுகிறாள், முடிந்தது. இது என்ன நாயகி என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். மனோன்மணியாக நடித்த பிள்ளையும் ஒத்திகை முழுக்க, "எனக்கு வசனமே இல்லையேம்மா" என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

அன்று அவள் கையில் இருந்தது மூன்று மணிக்கு வாங்கி வைத்த ரோஜா மாலை. ஏழு மணி நேரத்தில் துவண்டுபோயிருந்தது. நேராக நடந்து போய் மாலையைப் போடு என்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்தபடி பலதேவன் நிற்கும் பக்கம் நடந்தாள். இந்தப் பக்கம் அந்த ஒற்றை விளக்கு. அதில் புருடோத்தமன் வந்து நின்றதும் அவன் நிழல் அவள் காலடியில் விழுந்தது. அவள் நின்றுவிட்டாள். நாலைந்து மூச்சு நேரம் அப்படியே நின்றாள். மாலையிலிருந்து ஒரு இதழ் பிரிந்து விழுந்தது, அப்புறம் இன்னொன்று, கை நடுங்கியதால். பிறகு நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது போல மெதுவாக முகத்தை நிமிர்த்தினாள். நாடகம் முழுக்கக் கனவு என்று எல்லாரும் தள்ளிவிட்ட ஒன்று எதிரில் உடம்போடு நிற்கிறது. அங்கே அவள் என்ன பேச முடியும்? முப்பத்தெட்டு பேரில் ஒருவர்கூட இருமவில்லை. பதினேழு வருஷம் நான் குறை என்று சொல்லிக்கொடுத்தது அவளுடைய மௌனத்தை. எழுதியவர் அந்த இடத்தை நடிப்பவளுக்கு விட்டுவைத்திருக்கிறார். பக்கத்தில் அது காலி இடமாகத்தான் தெரியும்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் போன கவலை ஒரு பக்கம். ஆனால் அதைவிட, இந்த நாடகத்தை நான் தப்பாக நடத்தியிருக்கிறேன், இத்தனை பிள்ளைகளை அதை வெறுக்க வைத்திருக்கிறேன் என்பது உறுத்தியது. மறுநாளே பேனாவை எடுத்து வெட்டத் தொடங்கினேன். சிவகாமி சரிதம் போனது. சீடர்களின் வாதம் எட்டு வரி ஆனது. குடிலனின் தனிமொழிகளில் கை வைக்கவில்லை. மண்புழுவை விடவில்லை, அது கதைக்குத் தேவையே இல்லை என்றாலும். டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டது 1881, அதற்குப் பத்து வருஷத்தில் இங்கே ஒரு தமிழ் நாடகத்தில் புழுவை உழவர்களுக்கெல்லாம் அரசன் என்று ஒருவன் கொண்டாடுகிறான், அதை எப்படி வெட்டுவது? எந்த வரியை வைப்பது என்று குழப்பம் வந்தால், ஒத்திகையில் தங்கள் பங்கு இல்லாத பிள்ளைகள் எந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாம் தடவை என் அம்மா ஊரில் போட்டோம். ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர். அம்மன் கோயில் கொடை விழா முடிந்த மறுநாள், பந்தல் பிரிப்பதற்கு முந்தின ராத்திரி. பந்தலும் மேடையும் ஏற்கெனவே இருந்தன. மைக் செட் அண்ணாச்சி, "கிடந்தது கிடக்கட்டும், 2,000 கொடுங்க போதும்" என்றார். படுதா இல்லை, கிரீடம் இல்லை. வேட்டி, துண்டு, சேலை. பாண்டியனுக்கு மட்டும் ஒரு சரிகைத் துண்டு. வேன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 9,400. நாடகம் ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம்.

அங்கே குடிலன் உயிரோடு வந்தான். தனக்குள் சொல்வதாக அடைப்புக்குறியில் அச்சிட்டிருக்கும் வரிகளை அந்தப் பையன் மேடை விளிம்புக்கு வந்து, கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த கிழவிகளைப் பார்த்துச் சொன்னான், ரகசியம் சொல்வது போல. மூன்றாவது தடவை அவன் வந்தபோது ஒரு பாட்டி, "போலே அங்கிட்டு" என்று விரட்டினாள். பிறகு சீவகன் அவனையே நம்பி, உண்மையாக இருக்கும் நாராயணன் மேல் சந்தேகப்பட்டபோது, பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்து, "ஐயா, அவன நம்பாதீய" என்று கத்தினார். படிக்கும்போது சீவகன் எனக்கு வெறும் முட்டாள். இவ்வளவு வெளிப்படையான துரோகம் ஒரு ராஜாவுக்குத் தெரியாதா என்று தோன்றும். அந்தக் குரலைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. நமக்குத் தெரிவது குடிலன் நம்மிடம் வந்து சொல்வதால், சீவகனிடம் யாரும் வந்து சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் இடைவேளையில், "எங்க அண்ணனும் இப்படித்தான் ஒருத்தன நம்பி வயல எழுதிக் கொடுத்தாவ" என்று என்னிடம் சொன்னார். அவருக்குச் சீவன் என்றோ ஆன்மா என்றோ யாரும் நோட்ஸ் கொடுக்கவில்லை.

இடம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நாடகத்துக்கு நெருக்கமான இடம் வேண்டும். பதுங்கிப் பதுங்கி நடக்கிற சதி, சுருங்கை, கனவு, நள்ளிரவுக் கல்யாணம் எல்லாமே தாழ்ந்த குரலில் நடப்பவை. பெரிய மண்டபத்தில் மைக்கில் முழங்கினால் எல்லாம் அறிக்கை வாசிப்பது போல ஆகிவிடும். இருநூறு பேருக்கு மேல் வேண்டாம். காலர் மைக்கை நம்பாதீர்கள், மேடை முன்னால் தாழ்வாக இரண்டு மைக் வைத்தால் போதும். மாலையை நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வாங்கினால் போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் துவண்ட மாலைதான் நன்றாக இருந்தது, அதனால் அதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

என் வளையல் இன்னும் முழுதாக மீளவில்லை, மூன்று தவணை பாக்கி. வெட்டித் திருத்திய பிரதி நாற்பத்தொரு பக்கம், பொருள் பிரித்துப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், போட விரும்புகிறவர்கள் கேட்டால் அப்படியே தருகிறேன்.

அன்று ராத்திரி எல்லாம் முடிந்து, பிள்ளைகள் பந்தலுக்குப் பின்னால் தேங்காயெண்ணெய் தேய்த்து மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். காலில் சேறு காயாத ஒரு பெரியவர் வந்தார். அந்நேரத்திலும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருக்கிறார். நடராசனாக நடித்த பையனைத் தேடிப் பிடித்து, "தம்பி, அந்தப் புழுவச் சொன்னியே, நான் பாதியிலதான் வந்தேன், இன்னொரு தடவ சொல்லுதியா" என்று கேட்டார். அவன் ஒரு கன்னத்தில் பவுடரும் ஒரு கன்னத்தில் எண்ணெயுமாக அந்தக் குண்டு பல்பு வெளிச்சத்தில் எழுந்து நின்று சொன்னான். 'உழுவோர்க்கெல்லாம் விழுமிய வேந்து நீ' என்ற இடம் வந்ததும் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், முடியும்வரை அப்படியே நின்று கேட்டார்.